சாதிச் சான்றிதழ் செக்‌ஷனில் ஒரு கிறிஸ்தவள்

தாலுகா ஆபீசில் சாதிச் சான்றிதழ் செக்‌ஷனில் வேலை பார்க்கிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் மதியச் சாப்பாடு மறந்துவிடும். இப்போது மனு எல்லாம் இ-சேவை வழியாகத்தான் வருகிறது, விஏஓ பார்த்து, வருவாய் ஆய்வாளரான ஆர்ஐ பார்த்து, அப்புறம் எஸ்சி என்றால் தாசில்தாருக்கும் பிசி, எம்பிசி என்றால் மண்டலத் துணை தாசில்தாருக்கும் போகும். நடுவில் எங்காவது ஒரு காகிதம் குறைந்தால் ஜனங்கள் எங்களிடம்தான் வந்து நிற்பார்கள்.

வந்த புதிதில் ஒரு பங்காளிக் குடும்பத்தின் மனுக்கள் ஒன்றாக வந்தன. ஒரே தெரு, ஒரே குழாயடி. அண்ணன் வீட்டுப் பையன் இந்து ஆதிதிராவிடர், எஸ்சி. தம்பி வீட்டுப் பெண் கிறிஸ்தவ ஆதிதிராவிடர், பிசி. எந்த மதத்துக்காரர் எஸ்சி ஆகலாம் என்று சொல்லும், 1950-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாவது பத்திதான் காரணம். முதலில் இந்துக்கள் மட்டும் என்றிருந்ததில் 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள், 1990-இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்னும் வெளியில்தான். எங்கள் மாநில பிசி பட்டியலிலோ, எத்தனை தலைமுறைக்கு முன்னால் மதம் மாறியிருந்தாலும் சரி என்று ஒரு வரி இருக்கிறது. அதாவது, நாலு தலைமுறை ஞாயிறு தவறாமல் கிறிஸ்தவக் கோயிலுக்குப் போனாலும் எந்தச் சேரியிலிருந்து வந்தோம் என்பது ரெக்கார்டில் அழியாது, ஆனால் அந்தச் சேரிக்காரர்களுக்கு உள்ள எஸ்சி ஒதுக்கீடும் தனித்தொகுதியும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் நமக்கு இல்லை.

நானும் அந்தத் தம்பி வீட்டுப் பெண் மாதிரிதான், கிறிஸ்தவ ஆதிதிராவிடர். அப்பா கொத்தனார். "பேசாம இந்துன்னு வாங்கியிருந்தா இந்நேரம் எங்கேயோ போயிருப்பே, உங்கப்பாவுக்கு விவரம் பத்தலை" என்று சீனியர் ஒருவர் டீ குடிக்கும்போதெல்லாம் சொல்வார். அக்கறையாகத்தான் சொல்வார். எனக்கும் அப்போது பதில் கிடையாது. கிறிஸ்தவளாகப் பிறந்தேன், அவ்வளவுதான். சபையில் முழு உறுப்பினராக்கும் திடப்படுத்தல் சடங்குக்கான வகுப்பில் மனப்பாடம் செய்தது, கிறிஸ்துமஸுக்குப் புதுத்துணி, பாடகர் குழு. அதைத் தாண்டி யாரும் என்னைக் கேட்டதும் இல்லை, நானும் யோசித்ததில்லை.

யோசிக்க வைத்தவர் ஒரு பெரியவர். பேத்திக்கு நர்சிங் சேர்க்க எஸ்சி என்று மனுப் போட்டிருந்தார்கள். வீட்டுச் சுவரில் சிலுவை இருப்பதாக விஏஓ அறிக்கை எழுத, மனு நின்றுவிட்டது. பக்கத்திலிருந்தவர் என் காதுபடவே அவரைத் திட்டினார், விஏஓ வர்ற அன்னிக்கு அதைக் கழட்டி வச்சிருக்கக் கூடாதா என்று. பெரியவர் ரப்பர் பேண்ட் போட்ட காகிதக் கட்டைப் பிரித்து மறுபடி கட்டிக்கொண்டே, "கழட்டலாம். திரும்ப மாட்டுறப்போ அது முகத்தைப் பாக்கணுமே" என்றார். பேத்தி பிசியில் புதுசாக மனுப் போட்டாள்.

அதற்கு அடுத்த வருஷமோ என்னவோ என் மகனுக்குச் சான்றிதழ் எடுக்க வேண்டி வந்தது. வீட்டுக்காரர் பக்கத்தில் பேப்பர் எல்லாம் இந்துதான், அவரும் "உன் இஷ்டம்" என்றுவிட்டார். எந்தக் கட்டத்துக்கு என்ன விலை என்று என்னைவிட யாருக்குத் தெரியும். மதம் என்ற இடத்தில் கிறிஸ்தவம் என்று போட்டபோது, பிறந்ததிலிருந்து அந்த வார்த்தையோடு இருந்தும் அன்றைக்குத்தான் அதை நானாக எழுதுகிற மாதிரி இருந்தது. அப்பாவுக்கு விவரம் பத்தாமல் இல்லை என்றும் அன்றைக்குத்தான் புரிந்தது.

இதை வைத்து சபையைப் பெருமையாகப் பேச வரவில்லை. யூதன் கிரேக்கன் என்ற பேதமில்லை என்று பைபிளில் கலாத்தியர் நிருபத்தில் பவுல் எழுதியது எல்லாப் பீடத்திலும் வாசிக்கப்படுகிறது, திருச்சி மேலப்புதூர் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் கல்லறைகளைப் பிரித்துச் சுவர் எழுப்பியவர்களும் அதே வசனத்தைக் கேட்டவர்கள்தான். சபைக்குள் சாதி கூடாது என்று கல்கத்தா ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் கடிதம் எழுதியது 1833-இல். சென்னையில் ரோட்டோரம் செருப்பு தைத்த சூசை என்பவர், இந்துத் தொழிலாளிகளுக்கு இலவசமாகக் கிடைத்த பங்க் கடை தனக்கு இல்லை என்று சுப்ரீம் கோர்ட் வரை போனார். கிறிஸ்தவத்துக்குள்ளும் அதே கொடுமை அதே அளவுக்குத் தொடர்கிறது என்று காட்டப்படவில்லை என்று 1985-இல் தள்ளுபடி செய்தார்கள். அந்தச் சுவரைக் காட்டியிருக்கலாமோ என்று எனக்குத் தோன்றும்.

பேப்பரில் இந்துவாகவும் ஞாயிற்றுக்கிழமை கோயிலிலும் இருப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஞானஸ்நானம் பெற்றும் இந்து என்று சொல்லி எஸ்சி சான்றிதழ் கேட்ட புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் 2024 நவம்பரில், சலுகைக்காக மட்டும் மதம் சொல்வது அரசியல் சாசனத்துக்கே செய்யும் மோசடி என்றது சுப்ரீம் கோர்ட். சரி, சட்டப்படி அப்படித்தான். ஆனால் விசுவாசத்துக்கு விலைச்சீட்டு ஒட்டியது அந்தப் பெண் இல்லையே. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம், கிறிஸ்தவ ஆதிதிராவிடர்களுக்கும் எஸ்சி உரிமை தரச் சொல்லித் தீர்மானம் போட்டது, சான்றிதழ் மட்டும் பழையபடியேதான் போகிறது.

போன மாதம் ஒரு பெண் வந்தாள், அம்மா கிறிஸ்தவம், அப்பா இந்து. எஸ்சிக்கு 18 சதவீதம், பிசிக்கு 26.5, ஆனால் பிசியில் போட்டி எப்படி என்று எல்லாம் சொன்னேன். எது நல்லது என்று நான் சொல்வதில்லை. போனவள் திரும்பி வந்து, "ஞானஸ்நானம் வாங்கினது ஆன்லைன்ல தெரியுமாக்கா?" என்றாள்.

"ஆன்லைன்ல தெரியாதும்மா. விஏஓ கேட்டா நீதான் சொல்லணும்."