நாலாயிரம் ஆப்ஷன்

2019-இல் ஓ.எம்.ஆரில் ஒரு சின்ன மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்தேன். கேட்ட சம்பளம் கிடைக்கவில்லை. பதிலுக்கு 4,000 ஆப்ஷன், அதாவது நிறுவனத்தின் பங்கைப் பின்னால் குறித்த விலைக்கு வாங்கும் உரிமை, என்று ஒரு கடிதம் தந்தார்கள். வருடத்துக்கு ஆயிரமாக நாலு வருடத்தில் உரிமையாகும். பங்கு ஒன்றுக்கு 10 ரூபாய் கட்டி வாங்கிக்கொள்ளலாம். முதல் வருடம் முடியும்முன் கிளம்பினால் ஒன்றும் கிடையாது. (இது நிறுவனத்தின் கஞ்சத்தனம் இல்லை, கம்பெனிச் சட்ட விதியே அப்படித்தான்.)

உரிமையாகும் நாளுக்கு வெஸ்டிங் என்று பெயர். கல்யாண நாளை மறந்தவர்கள்கூட அதை மறக்க மாட்டார்கள். ராஜினாமாக்கள் பெரும்பாலும் அதற்கு மறுநாள்தான் வரும். பக்கத்து சீட்காரர் கடைசி ஆறு மாதம் ஆபீஸுக்கு வந்தார், அவ்வளவுதான்.

நான் 2021 ஆகஸ்டில் விலகினேன். 2,000 சேர்ந்திருந்தது. 90 நாளுக்குள் வாங்க வேண்டும், இல்லாவிட்டால் போச்சு. கடிதத்தின் ஏழாம் பக்கத்தில் இருந்திருக்கிறது.

இருபதாயிரம்தானே என்று ஆடிட்டரிடம் போனேன். கல்யாணப் பத்திரிகைக் கவர் ஒன்றின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டார். பங்கின் மதிப்பு 510 ரூபாய். பத்துக்கு வாங்கினால் வித்தியாசம் 500. இரண்டாயிரத்துக்குப் பத்து லட்சம். அது சம்பள வருமானம். வரி 30 சதவீதமும் அதன்மேல் செஸ்ஸும் சேர்த்து 3,12,000.

“விக்கிறப்போ கட்டலாமா சார்?”

“இல்ல தம்பி, வாங்கினதுமே.”

2020 பட்ஜெட்டில் இந்த வரியைக் கட்ட அவகாசம் தந்தார்கள். ஆனால் அது தகுதிபெற்ற ஸ்டார்ட்அப்களுக்கு. அங்கும் வேலையை விட்டால் அவகாசம் முடிந்தது. எங்களுடையதோ சந்தைக்கே வராத பங்கு. விற்கலாம் என்றால் வாங்க ஆள் இல்லை.

உழைத்தவனுக்குப் பங்கு என்று கொடுத்துவிட்டு 90 நாள் கெடு வைப்பது எனக்கு இன்றும் ஒப்பவில்லை. ஐந்து வருடம் கொடுத்தால் என்ன குடிமுழுகிவிடும்?

அந்தக் கெடுவுக்குள்தான் செப்டம்பர் 22 வந்தது. சென்னையில் தொடங்கிய ஃப்ரெஷ்வொர்க்ஸ் என்ற மென்பொருள் நிறுவனம் அமெரிக்கப் பங்குச் சந்தையான நாஸ்டாக்கில் பட்டியலானது. ஊழியர்களில் 500 பேருக்கு மேல் கோடீஸ்வரர்கள் என்று செய்தி. ஊரிலிருந்து அப்பா கூப்பிட்டார். “உனக்கும் பங்கு இருக்குன்னியே, என்னாச்சு?” சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

நான் வாங்கவில்லை. என்னோடு விலகிய நண்பர் மனைவியின் நகையை அடகு வைத்து வாங்கினார். நிறுவனம் இன்னும் சந்தைக்கு வரவில்லை. நகையை மீட்டுவிட்டார், பங்குப் பத்திரம் பீரோவில், ரேஷன் கார்டுக்கு அடியில் கிடக்கிறது.