பெல்லட் அடுப்பும் மேலக்காற்றும்

ஜூன் 16, 2025, திங்கள்

புது அடுப்பு வந்து இறங்கிவிட்டது. நேற்று ஆனி பிறந்தது, சாரலும் விட்டுவிட்டுத் தூறுகிறது. எங்கள் சாப்பாட்டுக் கடை இலஞ்சியில், குற்றாலம் போகிற ரோட்டில் இருக்கிறது. சீசன் கூட்டம் கூடுவதற்குள் அடுப்பை மாற்றிவிட வேண்டும் என்று போன வருஷமே முடிவு செய்திருந்தேன். தாத்தா கட்டின கோட்டை அடுப்பு, கருவேல விறகு. முப்பது வருஷமாக விடியக்காலம் மூன்றரைக்கு அம்மா அதன் முன்னால் குனிந்து ஊதியிருக்கிறாள். இப்போது இரண்டு கண்ணிலும் ஓயாமல் நீர் வடிகிறது. அடுப்பை மாற்ற எனக்கு அது ஒன்று போதும்.

பெல்லட் என்பது மரத்தூளையும் கடலைத்தோட்டையும் இறுக்கி அழுத்தி எடுத்த குச்சி. 8 மில்லிமீட்டர் கனம் இருக்கும். மரத்தூளுக்கு நம் பக்கம் பஞ்சமில்லை, பாவூர்சத்திரம் மரவாடிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு தொட்டி. அதிலிருந்து ஒரு திருகு குச்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே தள்ளும், கீழிருந்து ஃபேன் காற்று ஊதும். பின்னால் 4 அங்குலப் புகைக்குழாய்.

மாட்ட வந்தவர் அந்தக் குழாயைப் பழைய புகைக்கூண்டின் வாயில் செருகினார். சுற்றிச் சாக்கைத் திணித்துக் களிமண் பூசினார். ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்தது என்று கிளம்பிவிட்டார். தீ நீலம் கலந்து நின்று எரிந்தது. புகையே இல்லை. அம்மா கையை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

ஜூன் 18, புதன்

இதை எழுதும்போது கை நடுங்குகிறது.

விடியக்காலம் சாரல் உள்ளே அடித்தது, சித்தி பின்கதவைச் சாத்திவிட்டு இட்லிக் கொப்பரையை ஏற்றியிருக்கிறாள். நான் நாலரைக்குப் போனபோது சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். "தல பொளக்கு, ஓங்கரிச்சிட்டு வருது" என்றாள். அடுப்படியில் புகை இல்லை, கண் எரியவில்லை, ஒரு வாடையும் இல்லை. அதனால்தான் காலையில் சாப்பிடாமல் வந்திருப்பாள் என்று முதலில் நினைத்தேன். அந்த நினைப்பில் இரண்டு நிமிஷம் போனது. பிறகு எனக்கே நெற்றிப்பொட்டு தெறிக்க ஆரம்பித்தது. அவளை இழுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "மூடின ரூம்ல என்ன எரிச்சீங்க?" கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போனால் ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாகப் பிடித்துக்கொள்ளுமாம். சித்திக்கு ஆக்சிஜன் வைத்தார்கள். மத்தியானத்துக்குள் முகம் தெளிந்துவிட்டது. இன்றைக்குக் கடை கிடையாது.

ஜூன் 19, வியாழன்

மாமா வந்தார். அரிசி ஆலையில் பாய்லர் ஓட்டினவர், அதனால் தீயையும் புகையையும் பற்றி அவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

பெல்லட் போடாமல் அடுப்பு ஃபேனை மட்டும் ஓட்டச் சொன்னார். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக் களிமண் பூசின இடத்தில் காட்டினார். காய்ந்து வெடித்திருந்த கீறலுக்கு நேராகப் பிடித்ததும் ஊதுபத்திப் புகை சட்டென்று விலகி அறைக்குள் ஓடியது.

"பாத்தியாட்டி? ஒங்க தாத்தா கட்டுன கூண்டு இழுக்கும். சூடு மேல ஏறும், பின்னாலயே ரூம் காத்தும் போகும். அதுல ஓட்ட இருந்தாலும் வெளிக்காத்துதான் உள்ள நுழையும். இது அப்பிடி இல்ல, ஃபேன் போட்டுத் தள்ளுது. ஓட்ட எங்க இருக்கோ அங்க பிதுங்கி வெளிய வரும்."

அடுத்ததாக அடுப்பை நிறுத்திவிட்டு, கதவைச் சாத்தி, சுவரில் இருக்கிற எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டார். இப்போது ஊதுபத்திப் புகை அதே கீறலிலிருந்து எங்கள் பக்கமாகச் சீறிக்கொண்டு வந்தது. மூடின அறைக்குள் எக்ஸாஸ்ட் ஃபேன் காற்றைத் தேடுகிறது. வேறு வழியில்லாததால் புகைக்கூண்டு வழியாகவே கீழே இழுக்கிறது. சித்தி கதவைச் சாத்தின அன்று அந்த ஃபேனும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

பிறகு என்னைத் தெருவுக்குக் கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினார். எங்கள் புகைக்கூண்டு கிழக்குச் சரிவில், முகட்டுக்குக் கீழே நிற்கிறது. ஆனியிலும் ஆடியிலும் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வருகிற மேலக்காற்று முகட்டைத் தாண்டி அப்படியே அதன் தலையில் குதிக்கிறது. அம்மா சொன்னாள்: "ஆமா அண்ணே, இந்த ரெண்டு மாசமும் பொக திரும்பி வரும். கண்ணு எரிஞ்சா கதவத் தொறந்துருவோம்." அந்த எரிச்சல்தான் முப்பது வருஷம் எங்களைக் காப்பாற்றியிருக்கிறது. பெல்லட் சுத்தமாக எரிவதால் அந்த எச்சரிக்கையும் போய்விட்டது.

அளவையும் கணக்குப் போட்டோம். 4 அங்குலக் குழாயின் வாய் பன்னிரண்டரைச் சதுர அங்குலம். கூண்டு உள்ளே ஒன்பதுக்கு ஒன்பது, 81 சதுர அங்குலம். ஆறு மடங்குக்கு மேல். மெல்லிசாக வருகிற புகை அதற்குள் பரவி, ஆறி, மேலே ஏற வலுவில்லாமல் கரியையும் ஈரத்தையும் சுவரிலேயே விட்டுவிடும்.

ஜூன் 23, திங்கள்

மூன்று நாள் வேலை. கூரை வழியாகக் குழாயை ஏற்ற வேண்டாம் என்று முடிவு செய்தோம். ஓட்டுக்கு அடியில் எல்லாம் பனங்கை, பனைமரச் சட்டம். ஒற்றைத் தகடுக் குழாய்க்கும் மரத்துக்கும் நடுவே ஒரு முழமாவது இடைவெளி வேண்டும், அது எங்கள் கூரையில் அமையாது. தெற்குச் செங்கல் சுவரில் துளை போட்டு வெளியே எடுத்தோம். சுவருக்கு அப்பால் இரட்டைத் தகடு எவர்சில்வர் குழாய், தென்காசிப் பட்டறையில் சொல்லிச் செய்தது. படுக்கையாக வருகிற பாகம் இரண்டடிதான், அதுவும் வெளிப்பக்கம் சற்று ஏறின மாதிரி. அங்கே 'டீ' என்கிற T வடிவ இணைப்புக் குழாய், அதன் அடியில் கழற்றுகிற மூடி. அதிலிருந்து நேரே மேலே ஏறி, முகட்டுக்கு மூன்றடி உயரத்தில் தொப்பியோடு முடிகிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் நல்ல தூரத்தில் இருக்கிறது. அதை நானே டேப் வைத்து அளந்தேன்.

இணைப்பு ஒவ்வொன்றுக்கும் சூடு தாங்கும் சிலிகான் பூசி, மூன்று திருகு. களிமண்ணும் சாக்கும் கிடையாது. எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு எதிர்ச்சுவரில், தரையிலிருந்து ஒரு அடி உயரத்தில் இரண்டு ஜாலிக் கல் வைத்தோம். கதவு மூடியிருந்தாலும் காற்று வர இனி வழி உண்டு.

பழைய கூண்டை இடிக்க அம்மா சம்மதிக்கவில்லை. மேலே பலகைக் கல்லால் மூடி, கீழே வாயைச் செங்கல் வைத்துக் கட்டிவிட்டோம். கொத்தனார் பூசி முடித்ததும் அம்மா அந்த ஈரச் சுவரில் சந்தனம் குங்குமம் வைத்தாள்.

ஜூன் 27, வெள்ளி

காற்று பேய்த்தனமாக அடிக்கிறது. மத்தியானம் வேண்டுமென்றே மெயினை அணைத்துப் பார்த்தோம், மாமா நின்றுகொண்டிருக்கும்போதே. ஃபேன் நின்றாலும் உள்ளே கிடக்கிற குச்சிகள் புகைந்துகொண்டேதான் இருக்கும், அந்தப் புகையைத் தள்ள ஆளில்லை. வெளியே நிமிர்ந்து நிற்கிற குழாய் அப்போதுதான் உதவியது. சூடேறியிருந்ததால் தானாகவே இழுத்தது, ஊதுபத்திப் புகை அடுப்பு வாய்க்குள் மெல்லப் போனது. குழாயைச் சுவரோடு முடித்திருந்தால் இது நடந்திருக்காது. இருந்தாலும் ஃபேனுக்கு என்று தனியாக ஒரு சின்ன இன்வர்ட்டர் வாங்கிவிட்டேன். கரண்ட் போனால் முதலில் கதவைத் திற, பிறகு மற்றதைப் பார் என்று அடுப்படிச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன்.

ஜூலை 6, ஞாயிறு

டீயின் அடிமூடியைக் கழற்றினேன். இரண்டு வாரத்துக்கு இரண்டு கைப்பிடி சாம்பல், மாவு மாதிரி. கடலைத்தோட்டு பெல்லட் எரித்த நாட்களில் சாம்பல் கூடுதல், மரத்தூள் பெல்லட்டில் குறைவு. தொப்பி வரை பிரஷ் விட்டுத் துடைத்தேன். அடுத்தது 20-ஆம் தேதி, காலண்டரில் வட்டம் போட்டாயிற்று. பெல்லட் மூட்டை ஒன்று சாரல் ஈரம் குடித்து உப்பித் தவிட்டுக் குவியலாகிவிட்டது. மீதியை மூடி போட்ட டிரம்மில் கொட்டி, பலகை மேல் ஏற்றிவிட்டேன்.

கார்பன் மோனாக்சைடு அலாரம் சுவரில் இருக்கிறது. பதினோரு நாளாகச் சுழியம்தான் காட்டுகிறது, ஆனாலும் உள்ளே நுழையும்போதெல்லாம் என் கண் அங்கேதான் போகிறது.

சித்தி இன்று காலை வேலைக்குத் திரும்பினாள். சாரல் அடித்தது. கதவில் கையை வைத்தபடி, "அக்கா, சாத்தலாமா?" என்று கேட்டாள்.

"ஜாலி முன்னால மூட்ட கீட்ட இல்லையே, பாத்துட்டுச் சாத்து" என்றாள் அம்மா.