மூன்று பழைய கணினிகளில் செஃப்: சுமை கொடுத்துப் பார்த்த பதிவு

கிளிநொச்சியில் எங்கள் வாசிகசாலையின் ஒளிப்படங்களையும் ஒலிப்பதிவுகளையும் ஒரே வன்தட்டை நம்பி விட்டுவைக்க மனமில்லாமல், வவுனியாவில் வாங்கிய பழைய மேசைக்கணினிகள் மூன்றில் செஃப் (Ceph) சேமிப்பகத்தை, அதாவது பல கணினிகளின் வன்தட்டுகளை ஒரே சேமிப்பிடமாக இணைக்கும் மென்பொருளை, நிறுவினேன். கணினிக்கு ஒரு சுழலும் வன்தட்டு, நடுவில் கிகாபிட் சுவிச், எழுதப்படும் எதுவும் கணினிக்கு ஒன்றாக மூன்று பிரதிகள். நிறுவியதில் சொல்ல அதிகமில்லை.

அளப்பதற்கு முன் தாளில் ஒரு கணக்குப் போட்டேன். கிகாபிட் இணைப்பின் உச்சம் செக்கனுக்கு 125 மெகாபைட். தரவுப் பொதிகளோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற தலைப்புகள் போக 117 அளவு மிஞ்சும். செஃபில் ஒவ்வொரு துண்டுத் தரவையும் முதலில் ஒரு கணினி வாங்கி, மற்ற இரண்டுக்கும் அதுவே பிரதி அனுப்பும். ஆகவே சோதனைக்கான தரவுச் சுமையைத் தனி மடிக்கணினியிலிருந்து அனுப்பினால் எழுதும் வேகத்தின் எல்லையும் அதுவே. அதே சுமையை மூன்றில் ஒரு கணினியிலிருந்தே அனுப்பினால், அது தரவில் மூன்றில் இரண்டு பங்கை மற்ற இரண்டுக்கும் கொடுப்பதோடு, தன்னிடம் தங்கும் மீதிப் பங்குக்கும் இரண்டு பிரதிகளை அனுப்பியாக வேண்டும். எழுதுவது மூன்று பங்கு என்றால் கேபிளில் வெளியேறுவது நான்கு பங்கு. எல்லை 88க்கு இறங்கிவிடும். சுமை எங்கிருந்து போனது என்று சொல்லாத வேக எண்களை நான் கணக்கில் எடுப்பதில்லை.

சிறு தரவுகளை எழுதுகையில் கேபிள் அல்ல, தட்டே தாமதப்படுத்துகிறது. நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கிறது. மூன்று தட்டுகளில் மிகவும் பிந்தியது பதில் சொல்லும்வரை எழுதுதல் முடிந்ததாகாது.

செஃபின் வேகத்தை அளக்கும் ராடோஸ் பெஞ்ச் கருவி 4 மெகாபைட் பொருட்களை (செஃப் தரவைச் சேமிக்கும் துண்டுகளை) ஒரே வேளையில் 16 ஆக அனுப்பிக்கொண்டிருக்கையில் ஒரு கணினியின் வலைக் கேபிளைப் பிடுங்கினேன். திரையில் செக்கனுக்கு ஒரு வரி விழும். நிலுவை என்ற நிரல் 16இலேயே நின்றது, முடிந்தவை என்ற நிரல் அசையவில்லை, நடப்பு வேகம் வரிக்கு வரி பூச்சியம். பக்கத்தில் இருந்த மருமகன், "மாமா, எல்லாம் நிண்டிட்டுதே?" என்றான். எல்லாமேதான். மூன்று கணினி, மூன்று பிரதி என்ற அமைப்பில் விழுந்த கணினியைத் தொடாத எழுதுதல் என்று ஒன்று கிடையாது. கணினிகள் தாம் இயங்குவதாக ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்ளும் இதயத்துடிப்புச் செய்திக்குச் செஃப் இயல்பாகக் கொடுக்கும் தவணை 20 செக்கன். அது கழிந்து அந்தக் கணினி விழுந்ததாக அறிவிக்கப்பட்ட பின்னரே, இரண்டு பிரதிகளோடு எழுதுதல் மறுபடி ஓடியது.

ஐந்து நிமிடச் சோதனையில் 20 செக்கன் நிறுத்தம் சராசரியை 7 சதவீதம்கூடக் குறைக்காது. ஒலிப்பதிவை ஏற்றிக்கொண்டிருப்பவருக்கோ அது செத்துப்போன திரை. ஆகவே இனிமேல் சராசரியை ஓரமாக எழுதிவிட்டு, மிக மோசமான செக்கன்களையே பதிவேட்டின் முதல் நிரலில் குறிப்பேன். தவணையைக் குறைக்கலாம்தான், ஆனால் சுமை ஏறிய வேளையில் நல்ல தட்டையும் விழுந்ததாக அறிவித்துவிடக்கூடும் என்பதால் 20இலேயே விட்டிருக்கிறேன்.

விழுந்த கணினி 600 செக்கனுக்குள் திரும்பாவிட்டால் செஃப் அதை விலக்கிவைத்து, அதன் பிரதிகளுக்கு வேறிடம் தேடும். எங்களிடம் நான்காவது கணினி இல்லாததால் தேடியும் பலனில்லை. கேபிளைத் திரும்பச் செருகியதும் விடுபட்ட பொருட்கள் மட்டும் வந்து சேர்ந்தன. அது நடக்கும்போது எழுதும் வேகம் ஏறியும் இறங்கியும் தள்ளாடியது.

அடுத்து, இங்கே மின்சாரம் போகிற மாதிரியே மூன்றையும் ஒரே நேரத்தில் அணைத்து, எழுதியாயிற்று என்று பதில் வந்த ஒவ்வொரு பொருளும் தட்டில் இருக்கிறதா என்று பார்க்கப் போகிறேன்.