பழுதே இல்லாத வண்டிக்குப் பழுதுபார்த்த பில்

இங்கிலாந்தில் பழைய மோட்டார்ஹோம் (உள்ளேயே படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் இருக்கும் வீட்டு வண்டி) வாங்க நினைக்கும் நம் ஆட்களுக்கு ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மீதிப் பணத்தைக் கட்டுவதற்கு முன்னால், விற்பவர் அந்த வண்டியில் கரன்ட், தண்ணீர், கேஸ் மூன்றையும் இணைத்து, ஒவ்வொன்றையும் ஓடவிட்டுக் காட்டவேண்டும். "எல்லாம் வேலை செய்யும்" என்ற வாய்ப்பேச்சை ஏற்காதீர்கள். எங்களுக்கு யாரும் ஓட்டிக் காட்டவில்லை. அதனால் ஒரு நாள் லீவு, போகவர நூற்றைம்பது மைல் டீசல், 180 பவுண்ட் பில். பில் பணம் திரும்ப வந்துவிட்டது. கோபம்தான் இன்னும் போகவில்லை.

வண்டி 2008 மாடல், ஃபியட் டுகாட்டோ மேல் கட்டியது, நான்கு பேர் படுக்கலாம். மொத்த எடை 3,500 கிலோ என்பதால் சாதாரண கார் லைசென்ஸே போதும். இங்கிலாந்தில் 1997 ஜனவரிக்குப் பிறகு கார் டெஸ்ட் பாஸ் செய்தவர்களுக்கு அதற்கு மேல் அனுமதி கிடையாது, அதனால் எடையை முதலில் பாருங்கள். லாக்புக் (வண்டிப் பதிவுச் சான்று), எம்ஓடி (வருடாந்திரத் தகுதிச் சோதனை), இன்ஷூரன்ஸ் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன.

சிக்கல் ஆரம்பித்தது வண்டியை ஒப்படைத்த நாளில். பிப்ரவரி மழை. விற்பனையாள் ஒவ்வொரு அலமாரியாகத் திறந்து, "இது ஹீட்டர், இது ஃப்ரிட்ஜ், இது பம்ப்" என்று விரலால் காட்டிக்கொண்டே போனார். கரன்ட் வயர் வண்டி நின்ற இடம்வரை எட்டவில்லையாம். குளிர்காலம் என்பதால் தண்ணீரை வடித்துவிட்டார்களாம். கேஸ் பாட்டில் மூடியே இருந்தது. "பழகிக்கொள்வீர்கள்" என்றார். கையேட்டுப் பையில் ரேடியோவுக்கும் வெளிக்கூடாரத்துக்கும் மட்டும் புத்தகம் இருந்தது. வண்டியின் வீட்டுப் பகுதிக்கான சர்வீஸ் புத்தகமும், சுவர்களில் ஈரம் ஊறியிருக்கிறதா என்று பார்க்கும் ஈரப்பதச் சோதனை அறிக்கையும் எங்கே என்று கேட்டோம். ஆபீஸில் இருந்த பெண்மணி கம்ப்யூட்டரை விட்டு நிமிராமலே, "தபாலில் வரும்" என்றார்.

மறுநாள் வீட்டு வாசலில் தொட்டியை நிரப்பிப் பம்பைப் போட்டோம். குழாயில் ஒரு சொட்டு வரவில்லை. வண்டிக்கு அடியில், பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருந்த ஒரு மெல்லிய குழாய் வழியாகத் தண்ணீர் கொட்டியது. விற்ற இடத்துக்குப் போன் செய்தோம். "பனியில் குழாய் வெடித்திருக்கலாம், கொண்டுவாருங்கள்" என்றார்கள். கணவர் லீவு போட்டு ஓட்டிக்கொண்டு போனார். காலையில் விட்டு, சாயங்காலம் எடுத்தார். பிரஷர் டெஸ்ட் செய்தார்களாம், எந்தக் கசிவும் இல்லையாம். பேப்பரில் "பழுது எதுவும் காணப்படவில்லை" என்று எழுதி, அதற்கு 180 பவுண்ட். என்ன நடந்தது, ஏன் கொட்டியது என்று கேட்டதற்கு, "இப்போது சரியாக இருக்கிறது" என்பது மட்டுமே பதில். உண்மைதான், அன்று ராத்திரி குழாயில் தண்ணீர் வந்தது. விடிந்து பார்த்தால் வண்டிக்கு அடியில் மறுபடியும் ஈரம். தொட்டி காலி.

அப்போதுதான் கவன்ட்ரியில் இருக்கும் பெரியம்மா மகனுக்கு வீடியோ கால் போட்டேன். அண்ணன் எலக்ட்ரீஷியன், முன்பு சில வருஷம் கேரவன் வைத்திருந்தவர்.

"ராத்திரி எவ்வளவு குளிர்?"

"ஒரு டிகிரிண்ணா."

"ஹீட்டர் பக்கத்துல ஒரு சின்னக் குமிழும் அழுத்துற பொத்தானும் இருக்கும், தேடிப் பாரு. பொத்தான் வெளிய துருத்திக்கிட்டு நிக்குதா?"

கட்டிலுக்கு அடியில் இருந்தது. துருத்திக்கொண்டுதான் நின்றது.

"அது லீக் இல்லம்மா. வண்டி தன்னைத் தானே காப்பாத்திக்குது."

விஷயம் இதுதான். எங்கள் வண்டியில் இருப்பது ட்ரூமா என்ற கம்பெனியின் கோம்பி ஹீட்டர். அறைக்குச் சூடும் குளிக்க வெந்நீரும் ஒரே பெட்டியில் தரும். உள்ளே பத்து லிட்டர் தண்ணீர் நிற்கும். அது உறைந்தால் பாய்லர் வெடித்துவிடும். அதனால் பக்கத்தில் ஒரு பனி வால்வு வைத்திருக்கிறார்கள். சுற்றுவட்டச் சூடு சுமார் 3 டிகிரிக்கு இறங்கினால் கரன்ட் இல்லாமலே தானாகத் திறந்து, பாய்லர் தண்ணீரை வெளியே விட்டுவிடும். பம்ப் ஆனில் இருந்தால் தொட்டித் தண்ணீரும் அதே வழியில் போகும். ஒருமுறை திறந்தால் அந்த இடம் சுமார் 7 டிகிரிக்கு மேல் ஏறும்வரை மூடி நிற்காது. ஒர்க்ஷாப்புக்குள் வெதுவெதுப்பாக இருந்திருக்கிறது. மெக்கானிக் பொத்தானை அழுத்தியதும் மூடிக்கொண்டது. அதை வாய் திறந்து சொல்லியிருந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்திருக்கும். போனிலேயே சொல்லியிருந்தால் நாங்கள் போயிருக்கவே வேண்டாம்.

குளிர்காலத்தில் முறை இப்படி: முதலில் தண்ணீர் இல்லாமலே ஹீட்டரைப் போடுங்கள், கோம்பி அறைச்சூட்டுக்குத் தண்ணீர் இல்லாமலும் ஓடும். வால்வு இருக்கும் பெட்டியின் கதவைத் திறந்துவைத்து உள்ளே சூடேற விடுங்கள். அப்புறம் குமிழைத் திருப்பி, பொத்தானை உள்ளே அழுத்துங்கள். நின்றால் தண்ணீர் நிரப்பலாம். வெந்நீர்க் குழாயைத் திறந்துவைத்துப் பம்பைப் போட்டால் பாய்லரில் உள்ள காற்று வெளியேறி, கொஞ்ச நேரம் இருமிவிட்டுத் தண்ணீர் சீராக வரும். சிலர் அந்தப் பொத்தான் வெளியே வராதபடி துணிக் கிளிப்பை மாட்டிவிடுவார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். பனியில் வெடித்த பாய்லரை மாற்றும் செலவு பெரியது.

ட்ரூமாவின் கையேடு அவர்கள் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கிறது. வால்வு பற்றிய பக்கத்தை எடுத்து இணைத்து, "180 பவுண்டுக்கு நீங்கள் செய்த வேலை என்ன என்று எழுத்தில் சொல்லுங்கள்" என்று விற்ற இடத்துக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். பதில் வரவில்லை. அதையே மறுபடி அனுப்பினேன். விளக்கம் எதுவும் இல்லாமல் பணம் மட்டும் கணக்கில் வந்து சேர்ந்தது.

அடுத்து பேட்டரி. இந்த வண்டிகளில் எஞ்சினுக்கு ஒன்று, வீட்டுப் பகுதிக்கு ஒன்று என இரண்டு பேட்டரி. லெட்-ஆசிட் வகை முழுதாக ஏறி, சற்று ஓய்ந்த நிலையில் 12.7 வோல்ட் காட்டும். 12.2 என்றால் பாதிதான் மிச்சம், அதற்குக் கீழே அடிக்கடி இறக்கினால் ஆயுள் போய்விடும். எங்களுடையது எல்இடி விளக்கும் ஹீட்டர் விசிறியும் ஒரு ராத்திரி ஓடியதற்கே படுத்துவிட்டது. கரன்ட் வயரைச் செருகியும் ஏறவில்லை. கட்டுப்பாட்டுப் பலகையில் சார்ஜருக்கென்று தனிப் பொத்தான் இருப்பதும், அது அணைந்திருப்பதும் அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. போட்டதும் ஏறியது. ஆனால் வயரைக் கழற்றிய சில மணி நேரத்தில், எதையும் ஓடவிடாமலே, 12.0க்கு வந்துவிட்டது. இது நிஜமான பழுது.

விற்ற இடத்தில், "பேட்டரி தேய்மானப் பொருள், வாரன்டியில் வராது" என்றார்கள். இங்கே விடாதீர்கள். கடையில் வாங்கிய பொருளுக்கு, பழையதாக இருந்தாலும், 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் உரிமைச் சட்டம் பொருந்தும். முதல் 30 நாளுக்குள் குறை இருந்தால் பொருளையே திருப்பிக் கொடுக்கலாம். முதல் ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை வாங்கும்போதே இருந்ததாகத்தான் கொள்ளப்படும், இல்லை என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. பழைய வண்டியில் வயதுக்கு ஏற்ற தேய்மானத்தைச் சட்டம் கணக்கில் எடுத்துக்கொள்ளும் என்றாலும், எதையும் ஓடவிடாமலே சில மணி நேரத்தில் இறங்கிவிடும் பேட்டரி அதில் சேராது. வோல்ட் மீட்டரின் படங்களை நேரத்தோடு எடுத்து, சட்டத்தின் பெயரையும் எழுதி அனுப்பினேன். போனில் அத்தனை பேசியவர்கள், புதிய 110 ஆம்பியர்-மணி பேட்டரியை வீட்டுக்கே வந்து மாட்டிவிட்டுப் போனார்கள். தனிப்பட்ட ஒருவரிடம் வாங்கினால் இந்தப் பாதுகாப்பு அவ்வளவு கிடையாது.

கேம்ப்சைட் கரன்ட்டையும் சொல்ல வேண்டும். பீக் டிஸ்ட்ரிக்ட் மலைப்பகுதியில் முதல் இரவு, பதினோரு மணிக்கு எல்லாம் அணைந்தது. அங்கே வண்டிக்குக் கரன்ட் தரும் கம்பத்துக்கு வரம்பு 10 ஆம்பியர், அதாவது 2,300 வாட். ஹீட்டர் கரன்டில் முழு வேகத்தில் 1,800 வாட் இழுத்துக்கொண்டிருந்தது, அதோடு பாலுக்கு வெந்நீர் வைத்தோம். வீட்டுக் கெட்டில் மட்டுமே 3,000 வாட். விழுந்த ஸ்விட்சைத் திரும்பப் போடலாம் என்றால், கம்பத்தின் பெட்டி பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்தவர், "ஆபீஸ் காலையில்தான் திறக்கும்" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே இரண்டு குழந்தைகள். ஹீட்டரைக் கேஸுக்கு மாற்றி இரவைக் கழித்தோம். இப்போது 1,000 வாட்டுக்குக் குறைவான கேம்பிங் கெட்டில் வைத்திருக்கிறோம், கெட்டில் போட்டால் ஹீட்டர் கேஸில். மிக்ஸி ஓடும், இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றி யோசிக்காதீர்கள். நீல பிளக்கைச் செருகினால் மட்டும் போதாது, இங்குள்ள கம்பங்களில் பெரும்பாலும் வலப்பக்கம் திருகிப் பூட்டினால்தான் கரன்ட் வரும். வயரைச் சுருளோடு விடாமல் முழுவதும் பிரித்துப் போடுங்கள், சுருண்டிருந்தால் சூடேறி உருகும்.

கேஸில் பனிக்காலத்துக்கு நீல பாட்டில் ஆகாது. அது பியூட்டேன், பூஜ்ஜிய டிகிரி வாக்கில் ஆவியாவதே நின்றுவிடும். எங்களுக்குக் கொடுத்திருந்தது அதுதான். சிவப்பு பாட்டில் புரோபேன், மைனஸ் 42 வரை பிரச்சினை இல்லை. இரண்டுக்கும் இணைப்பு வேறு, அதனால் ஹோஸையும் மாற்ற வேண்டியிருந்தது. புரோபேனின் மரை இடப்பக்க மரை, இறுக்க இடப்பக்கம் சுற்றவேண்டும். இத்தனையும் செய்தும் அடுப்பு எரியவில்லை. ஹோஸில் ஒரு பச்சைப் பொத்தான் இருக்கிறது, ஹோஸ் அறுந்தால் கேஸை நிறுத்தும் பாதுகாப்பு அது. பாட்டிலைத் திறந்ததும் அதை ஒருமுறை அழுத்தினால்தான் வழிவிடும். ஹோஸிலும் ரெகுலேட்டரிலும் தயாரித்த வருடம் அச்சிட்டிருக்கும், பத்து வருடம் தாண்டியிருந்தால் மாற்றுங்கள். கார்பன் மோனாக்சைடு அலாரத்துக்கும் காலாவதித் தேதி உண்டு. டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் சத்தம் வரும், ஆனால் உள்ளே சென்சார் செத்திருக்கலாம். எங்கள் வண்டியில் தேதி எப்போதோ முடிந்திருந்தது. குழந்தைகள் படுக்கும் வண்டியை அப்படி விற்றதை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

ஃப்ரிட்ஜ் மூன்று வழியில் ஓடும்: 12 வோல்ட் பேட்டரி, கேஸ், வயர் வழியாக வரும் கரன்ட். 12 வோல்ட் என்பது எஞ்சின் ஓடும்போது மட்டும். மதியம் சாப்பிட நிறுத்தினால் குளிர் நின்றுவிடும், மலையேறி முடித்துத் திரும்பிய எங்களுக்கு இட்லி மாவு பொங்கி மூடியைத் தள்ளியிருந்தது. நீண்ட நேரம் நிறுத்தினால் கேஸுக்கு மாற்றவேண்டும், கிளம்புமுன் கேஸை அணைக்கவேண்டும், பெட்ரோல் பங்கில் கேஸ் சுடர் எரியவே கூடாது. முந்தின இரவே வீட்டுக் கரன்டில் குளிரவிட்டு, குளிர்ந்த பொருளை உள்ளே வைப்பது நல்லது. வண்டி சாய்ந்து நின்றாலும் இந்த வகை ஃப்ரிட்ஜ் சரியாகக் குளிராது, சக்கரத்துக்கு அடியில் வைக்கும் சாய்வுக்கட்டைகள் வாங்கிக்கொள்ளுங்கள்.

கழிப்பறைப் பெட்டியைப் பற்றிப் பலர் பயப்படுகிறார்கள், அது சுலபம். நீல திரவம் கீழே இருக்கும் கழிவுப் பெட்டிக்கு, இளஞ்சிவப்பு மேலே ஃப்ளஷ் தண்ணீருக்கு. உள்ளே இருக்கும் தகட்டை மூடாமல் பெட்டி வெளியே வராது, இழுத்து உடைக்காதீர்கள். காலி செய்யும்போது காற்றுப் பொத்தானை அழுத்திப் பிடித்தால் தெறிக்காது. நம் வழக்கப்படி தண்ணீர் பயன்படுத்தினால் 17 லிட்டர் பெட்டி சீக்கிரம் நிரம்பிவிடும், நான்கு பேருக்குத் தினமும் காலி செய்யவேண்டியிருக்கும்.

சர்வீஸ் புத்தகம் இதுவரை வரவில்லை. ஒருமுறை "அனுப்பிவிட்டோம்" என்றார்கள், அடுத்தமுறை "முந்தைய உரிமையாளரிடம் கேட்டிருக்கிறோம்" என்றார்கள். காத்திருப்பதை விட்டுவிட்டு, எங்கள் ஊரிலேயே வேறொருவரை வரவழைத்து ஈரப்பதம் பார்த்தோம். 15 சதவீதத்துக்குள் இருந்தால் நல்லது, 20ஐத் தாண்டினால் கவலைப்படவேண்டும் என்றார். பின்பக்க ஜன்னலுக்குக் கீழே ஒரு மூலையில் 18, மற்ற இடமெல்லாம் 15க்குள். ஜன்னல் ஓரத்து சீலன்ட்டை ஏப்ரலில் மாற்றச் சொல்லியிருக்கிறோம், அன்றே கேஸ் ரெகுலேட்டரும் புதிதாக மாறுகிறது.