அட்டையில் சொட்டு

ஜூன் 28
பழைய புல்லட்டோட பிளாக், அதாவது பிஸ்டன் ஓடுற சிலிண்டர், துளை பெரிசாக்க லேத்துக்குப் போயாச்சு. அடியில் விரித்த அட்டையில் அப்பவும் சொட்டு.

ஜூலை 1
பிளாக் வரலை.

ஜூலை 3
பிளாக் இல்லாததால் கேஸுக்குள், அதான் எஞ்சின் அடிக்கூட்டுக்குள், எட்டிப் பார்க்க முடியுது: அரை டம்ளர் ஆயில் தேங்கிக் கிடக்கு. பழைய புல்லட்டில் ஆயில் டேங்க் கேஸோடு சேர்ந்த வார்ப்பு. பம்ப் தேய்ந்தால், நிற்கிற வண்டியில் ஆயில் சொட்டுச் சொட்டாகக் கீழே இறங்கிடும். அது தெரியாம, குச்சியில் அளவு குறையுதேன்னு மேலே ஊத்துவாங்க. ஸ்டார்ட் ஆனதும் கீழே இருந்ததும் டேங்குக்கு ஏறி, மிச்சமெல்லாம் பிரீதர் (எஞ்சின் காத்து வெளியேறுற குழாய்) வழியா வெளியே. ரெண்டு நிமிஷம் ஓட விட்டு நிறுத்தின பிறகுதான் அளவு பார்க்கணும்.

ஜூலை 8
நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். பட்டறை பூட்டு.

ஜூலை 10
பிளாக் வந்தாச்சு, துளை நாற்பது ஓவர்சைஸுக்குப் பெரிசாகி. துளைச் சுவரை பெட்ரோலில் துடைச்சா போதாது. சுடுதண்ணி, சோப்பு, பிரஷ். வெள்ளைத் துணியில் சாம்பல் நிறம் வராத வரைக்கும். உடனே ஆயில் தடவணும், இல்லைன்னா கண் முன்னாலயே துருப் பிடிக்கும்.
லேத் அண்ணாச்சி: "புல்லட்டுன்னா ஒழுகத்தான வே செய்யும்!"
ஒத்துக்க முடியாது.

ஜூலை 11
முதல்ல பாயின்ட் (தீப்பொறிக்காகக் கரண்டை வெட்டுற முனை) கேப் 0.35–0.40 மில்லிமீட்டர், அப்புறம்தான் டைமிங், அதாவது தீப்பொறி விழுற நேரம். கேப் கூடினா பாயின்ட் சீக்கிரம் திறக்கும், டைமிங் தானா முன்னே போயிடும். பிஸ்டன் உச்சிக்கு 0.8 மில்லி கீழே இருக்கும்போது, பாயின்ட்டில் செருகின சிகரெட் தாள் வழுக்கிட்டு வரணும். கிழிஞ்சா இன்னும் திறக்கலை. வால்வைத் தள்ளுற புஷ் ராடு ரெண்டும் விரலால் சுத்தினா சுத்தணும், மேலும் கீழும் ஆடக் கூடாது.

ஜூலை 13
கரண்ட் காட்டுற ஆம்ப் மீட்டர் முள் இடப்பக்கம் சாய்ஞ்சு நிக்குது. கிக்கரை மெல்ல அழுத்த, முள் நடுவுக்கு வந்தது: பாயின்ட் திறந்தாச்சு. சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடுற டிகம்ப்ரசர் லீவரைப் பிடிச்சு இன்னும் கொஞ்சம் தள்ளி, விட்டு, கிக்கரை மேலே கொண்டுவந்து ஒரே மிதி. பிடிச்சது!

ஜூலை 14
மறுபடி சொட்டு. ச்சே.

ஜூலை 15
பிரீதர் முனையில் வாத்து வாய் மாதிரி ஒரு ரப்பர். பிஸ்டன் இறங்கும்போது காத்தை வெளியே விடும், ஏறும்போது உதடு மூடி உள்ளே விடாது. அதனால் கேஸுக்குள் லேசா இழுவை இருக்கும், இணைப்பில் வைக்கிற பேக்கிங் விளிம்பில் ஆயில் பிதுங்காது. கழற்றிப் பார்த்தா உதடு கட்டை மாதிரி விறைச்சுத் திறந்தே இருக்கு. கைக்குள் அடங்குற ரப்பர், இதுக்காக ரெண்டு தடவை பேக்கிங் மாத்தியாச்சு. இப்ப ரப்பரையே மாத்தியாச்சு.

ஜூலை 20
ஆறின எஞ்சினில் ஹெட் நட்டு மறுபடி இறுக்கியாச்சு, டேப்பட்டும் (புஷ் ராடு ஆட்டம்) பார்த்தாச்சு. சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி, பாபநாசம்னு ஓட்டிப் பார்த்தாச்சு. வேகம் நாற்பது, ஐம்பதுக்குள், திராட்டிலை ஒரே நிலையில் வைக்காம. புதுப் பிஸ்டன் செட்டைப் பணகுடிப் பக்கம் கொண்டுபோகக் கூடாது; இந்த மாசக் காத்துக்கு எதிரே ஏத்தம் ஏறுற மாதிரிதான் இழுக்கும்.

ஜூலை 21
அட்டை காய்ஞ்சு கிடக்கு.

ஜூலை 26
அஞ்சு நாளா எடுக்கலை. பிரீதர் பக்கம் சுத்தம். டிரெயின் பிளக்குக்கு நேர் கீழே மட்டும் கடுகளவு ஒரு பொட்டு. செம்பு வாஷரைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணியில் போட்டு மாட்டணும்.