துப்பாக்கிக் குழல் குட்டையானால் வேகம் குறையும், அதற்காக வெடிமருந்தைக் கூட்டாதீர்கள்

அமெரிக்காவில் தோட்டாக்களை வீட்டிலேயே நிரப்பிக்கொள்கிறவர்கள் நிறையப் பேர். அதில் புதிதாக இறங்குகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதுதான்: தோட்டா நிரப்பும் கையேட்டில் குண்டின் வேகம் வினாடிக்கு 2,700 அடி என்று போட்டிருக்கிறது, என் துப்பாக்கியில் அளந்தால் 2,560தான் வருகிறது, மருந்தைக் கொஞ்சம் கூட்டலாமா?

கூட்டவே கூடாது. கையேட்டில் அதே பக்கத்தில் சோதனைக் குழலின் நீளமும் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். .308 வின்செஸ்டர் ரக ரைபிள் தோட்டா என்றால் பெரும்பாலும் 24 அங்குலம். உங்களுடையது 18 அங்குலமாக இருந்தால், அங்குலத்துக்கு 20 முதல் 25 அடி வரை குறையும் என்று வைத்தாலே அந்த 140 அடிக்குக் கணக்கு வந்துவிடுகிறது.

ரைபிளில் வாயுவின் அழுத்தம் உச்சத்தைத் தொடுவது குண்டு முதல் சில அங்குலம் நகர்வதற்குள். அதன்பிறகு வாயு விரிய விரிய அழுத்தம் இறங்கிக்கொண்டே போகும், ஆனாலும் குண்டைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். குழலை வெட்டும்போது போவது அந்தக் கடைசி நேரத் தள்ளல் மட்டுமே, உச்ச அழுத்தம் இருந்தபடியே இருக்கிறது. அதனால் குறைந்த வேகத்தை மருந்தால் ஈடுகட்டப் பார்த்தால், ஏற்கனவே எல்லையில் நிற்கும் உச்ச அழுத்தத்தைத்தான் ஏற்றுகிறீர்கள். அது உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் நடக்கிற விஷயம்.

குழலுக்குள் வாயு விரிவதை வைத்துக் குண்டின் வேகத்தைக் கணக்கிட்டு, தொங்கவிட்ட கனமான ஊசலில் சுட்டு, அது எவ்வளவு ஆடுகிறது என்று பார்த்து அதைச் சரிபார்த்தவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742இல் புத்தகமாகவே போட்டுவிட்டார். பிறகு கிழக்கிந்திய கம்பெனிக்காகக் கோட்டை வேலை பார்க்க வந்து, 1751இல் நம் கடலூர்ப் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டையில் இறந்துபோனார். குண்டு நகர்வதற்கு முன்பே மருந்து முழுக்க எரிந்துவிடும் என்று அவர் வைத்துக்கொண்டார், இன்றைய புகையில்லா மருந்து குண்டு ஓட ஓடத்தான் எரிகிறது.

அப்படியானால் குட்டைக் குழலுக்கு வேகமாக எரியும் மருந்துதானே சரி என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இல்லை. நீளக் குழலில் அதிக வேகம் தருகிற மருந்துதான் குட்டையிலும் பொதுவாக அதிக வேகம் தரும். கூடுவது வாய்ப்பக்கத்து நெருப்பும் சத்தமும். இரண்டாம் உலகப் போரின் கடைசியில் பிரிட்டிஷார் தங்கள் லீ என்ஃபீல்டு ரைபிளைக் குட்டையாக்கி 'ஜங்கிள் கார்பைன்' செய்தபோது, முனையில் புனல் மாதிரி ஒன்றை மாட்டியது அந்த நெருப்பை மறைக்கத்தான்.

.22 ரிம்ஃபயர் என்ற சின்னத் தோட்டாவின் கதை வேறு. அதில் மருந்தே கொஞ்சம், அதனால் 16 முதல் 20 அங்குலத்துக்குள் வேகம் உச்சிக்குப் போய்விடும், அதற்குமேல் உராய்வுதான் மிச்சம்.

இன்னொன்று, ஒரே நீளமுள்ள இரண்டு குழல்களிலேயே, உள்ளளவில் இருக்கும் நுண்ணிய வித்தியாசத்தால், 50 அடி வரை வேறுபாடு வரலாம். அதனால் அடுத்தவர் அளந்த எண்ணைத் துரத்தாமல், உங்கள் குழலில் நீங்கள் அளந்த வேகத்தை வைத்தே எந்தத் தூரத்தில் குண்டு எவ்வளவு கீழே இறங்கும் என்று கணக்குப் போடுங்கள்.