பிணி, நோய், ரிப்போர்ட்

ஜூன் 4
லேபிலிருந்து அம்மாவின் ரிப்போர்ட் இன்றும் வரவில்லை.

ஜூன் 5
ராத்திரி முழுக்க அம்மா தூங்கவில்லை. "இடுப்பெல்லாம் நோகுது" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். வியாதி, நோய் என்ற பேச்சையே எடுப்பதில்லை. நோவது தான் அவளுக்குத் தெரியும்.

நோய் என்ற சொல்லும் அங்கேதான் பிறந்தது. இப்போது நோய் என்றால் பெயர் வைத்த ஒன்று: காசநோய், சர்க்கரை நோய். 'நோயெல்லாம் நோய்செய்தார் மேலவாம்' என்கிற 320ஆம் குறளில் அப்படி எதுவும் இல்லை. ஒருவர் இன்னொருவருக்குச் செய்யும் துன்பம்தான் அங்கே நோய்.

பிணி வேறு குடும்பம். பிணித்தல் என்றால் கட்டுதல். 'கேட்டார்ப் பிணிக்கும்' சொல் என்று 643இல் வருகிறது, அதில் நலக்குறைவு எங்கே இருக்கிறது? சங்கப் பாட்டில் அரும்பு விரிவதையும் 'பிணி அவிழ்' என்றார்கள். இறுக மூடிய இதழ்களின் கட்டு அவிழ்கிறது, அவ்வளவுதான். இன்றைக்குப் பிணி மேடையிலும் 'பசிப்பிணி'யிலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

நோவது உள்ளே இருப்பவருக்கு. கட்டு என்றால் கூட இருப்பவரையும் சேர்த்துத்தானே?

ஜூன் 6
அக்காவிடம் போனில் சொன்னேன். "வேறு வேலை இல்லையா உனக்கு? ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். 948 நோய்நாடி என்கிறது, அடுத்த குறளே 'உற்றான் அளவும் பிணியளவும்' என்கிறது, மருத்துவர் பார்ப்பது ஒரே சங்கதியைத்தான் என்பது அவள் வாதம்.

தளை பார்த்தேன், ஒரு சீர் அடுத்த சீரோடு சேரும் யாப்பு விதி. ஒற்றை விட்டு எண்ணினால் நேர் ஓரெழுத்து அசை, நிரை ஈரெழுத்து அசை. 'அளவும்' புளிமா, மாச்சீர். மாமுன் நிரை வர வேண்டும். பிணி நிரை, பொருந்துகிறது. 'நோயளவும்' என்று போட்டால் நேர் வந்து, குறளுக்குரிய வெண்டளை தட்டும். ஆக அங்கே பிணி வந்ததற்கு யாப்பே போதுமான காரணம். அக்கா ஜெயித்துவிட்டாள். எரிச்சலாக இருந்தது. அவள் எப்போதும் ஜெயிக்கிறாள், ஊரில் இருந்துகொண்டே.

ஜூன் 7
அம்மா சிரித்தாள். காரணம் கேட்கவில்லை.

ஜூன் 9
விட முடியவில்லை. 1102:

பிணிக்கு மருந்து பிறமன் அணியிழை
தன்நோய்க்குத் தானே மருந்து.

பிணிகளுக்கு மருந்து வேறு பொருளாக இருக்கும். இவள் தந்த நோய்க்கு இவளே மருந்து. ஒரே குறளில் இரண்டு சொல்லும். முதல் சொல்லை அக்காவுக்குக் கொடுத்துவிடுகிறேன், பிணி–அணி எதுகைக்காக வந்தது என்பாள். சரி. ஆனால் இரண்டாவது? 'தன்பிணிக்குத்' என்று போட்டுப் பார்த்தேன். 'அணியிழை' விளச்சீர், அதை அடுத்து நேர். 'தன்பிணிக்குத்' காய்ச்சீர், அதை அடுத்தும் நேர். தளை எங்கும் தட்டவில்லை! பிணி என்றே சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. காதலில் படும் பாட்டுக்கு நோய்தான் சரியென்று பட்டிருக்கிறது. வெளியே மருந்து கிடைப்பது பிணி. நோவு யாரால் வந்ததோ அவரிடமே போய் நிற்க வைப்பது நோய்.

காமத்துப்பாலில் ஒரு குறளை வைத்துக்கொண்டு எல்லா இடத்துக்கும் விதி போட முடியாது என்று அக்கா சொல்வாள். சொல்லட்டும். இன்னும் அவளுக்கு அனுப்பவில்லை.

ஜூன் 10
எதுவும் படிக்கவில்லை. லேபுக்கு மூன்று முறை போன் செய்தேன். "வந்தா நாங்களே கூப்பிடுவோம் சார்." எல்லாரிடமும் கோபம் வருகிறது. திருவள்ளுவரிடமும்.

ஜூன் 12
'உற்றநோய் நோன்றல்', 261. வந்த துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளுதல். தவம் பற்றிய அதிகாரத்தில் நோய் என்ன செய்கிறது என்று முன்பெல்லாம் யோசித்திருக்கிறேன். 'உற்றபிணி நோன்றல்' என்று வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். ஒட்டவில்லை. காது ஒப்புக்கொள்வதற்கும் யாப்பு ஒப்புக்கொள்வதற்கும்

கூப்பிட்டுவிட்டார்கள். பழைய ஸ்கேன் எல்லாம் கொண்டுவரச் சொன்னார்கள். அந்த மஞ்சள் கவரை அக்கா எங்கே வைத்தாள்?